அப்பாவை எங்கே உட்கார வைத்தார்கள்?

சமூக விசாரணை அறிக்கை எழுதி முடிக்க நன்னடத்தை அலுவலருக்குச் சட்டம் தரும் அவகாசம் இரண்டு வாரம். அதற்குள் பையனின் வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் விசாரிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் பேச வேண்டும், படிவம் 6-ஐ நிரப்பி இளைஞர் நீதிக் குழுமத்தில் கொடுக்க வேண்டும். குடும்ப வருமானம் எவ்வளவு, வீட்டில் யார் குடிக்கிறார்கள், படிப்பை எந்த வகுப்பில் விட்டான், யார் யாரோடு சேர்க்கை என்று படிவம் பக்கம் பக்கமாகக் கேட்கும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படிவத்தைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது: "உன்னைக் கூட்டிட்டுப் போனதுல இருந்து இங்க கொண்டு வந்த வரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லு."

செய்த காரியத்தைப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். பாதியைச் சொல்வார்கள், பாதியை விழுங்குவார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் தலை நிமிரும். டீக்கடை வாசலில் வண்டி வந்து நின்றது, பேரைக்கூடக் கேட்காமல் சட்டைக் காலரைப் பிடித்தது, ஸ்டேஷன் படியில் செருப்பைக் கழற்றச் சொன்னது, பாராவில் நின்ற போலீஸ்காரர் சிரித்தது, ரைட்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த முருகன் படம் என்று வரிசையாக வரும். பல வருடம் கழித்து அதே பையன்களை மாட்டுத்தாவணியிலோ ஏதாவது கல்யாண வீட்டிலோ பார்ப்பேன். மீசை முளைத்து, இடுப்பில் பிள்ளையோடு நிற்பார்கள். குழுமம் என்ன உத்தரவு போட்டது என்பது பலருக்கு மறந்திருக்கும். அந்த முருகன் படம் மறந்திருக்காது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகளுக்கென்று 1920-லேயே தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது 1986 சட்டம். அதன்படி பையனுக்கு 16 முடிந்துவிட்டால் அவன் பெரியவன், பெரியவர்களுக்கான கோர்ட்டும் ஜெயிலும்தான். 2000-ல் வந்த சட்டம் அந்த வரம்பைப் 18 ஆக்கியது. இப்போது நடப்பிலிருக்கும் 2015 சட்டம் 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்தது. பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் உடனே தகவல் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குறைந்தது உதவி சார்பு ஆய்வாளர் நிலையில் ஒருவர் குழந்தை நல காவல் அலுவலராக இருக்க வேண்டும். விதிகளுக்குள் போனால் இன்னும் நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். விலங்கு போடக் கூடாது, பிள்ளையிடம் பேசுபவர் சீருடையில் இருக்கக் கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லையென்றால் முதல் தகவல் அறிக்கையே வேண்டாம், பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும். குழுமம் கூடும் அறையில் மேடையும் இருக்கக் கூடாது, கூண்டும் இருக்கக் கூடாது. நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் பையனின் கண் மட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவு பரிவும் எங்கே போய்ச் சேர்கிறது என்றால் அந்த அறையில். பையன் அந்த அறைக்கு வருவதற்குள் அவனுக்கு நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். நடுவர் அன்பாக "தம்பி, உட்காருப்பா" என்று சொல்லும்போது பையன் நாற்காலியின் நுனியில் உட்காருவான், அல்லது உட்காரவே மாட்டான். முந்தின இரண்டு ராத்திரி அவனுக்கு வேறு பாடம் நடந்திருக்கிறது.

இரண்டு ராத்திரி என்று தெரிந்துதான் சொல்கிறேன். 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது பேனா. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் போன பையனைத் திங்கட்கிழமை காலை "ரோந்தின்போது சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றிருந்தவனை" பிடித்ததாகக் காகிதம் சொல்லும். அம்மாவைக் கேட்டால் சனிக்கிழமை ராத்திரியே ஸ்டேஷன் வாசலில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றதைச் சொல்வார். அப்புறம் வயது. 17 வயதுப் பையன் காகிதத்தில் 19 ஆகிவிடுவான். பெரியவன் என்று எழுதிவிட்டால் குழந்தை நல அலுவலரும் வேண்டாம், குழுமமும் வேண்டாம், வேலை சுலபம். அப்போது எங்கள் ஓட்டம் தொடங்கும். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை என்கிறது சட்டத்தின் 94-ஆம் பிரிவு. ஏழாம் வகுப்போடு நின்ற பையனுக்கு யார் டி.சி. வாங்கி வைத்திருப்பார்கள்? தலைமையாசிரியரைத் தேடிப் போய், பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுக்கச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்தத் தாள் வந்து சேரும் வரை பையன் பெரியவர்களோடு இருப்பான்.

ஆனால் அடியைவிட, ராத்திரிகளைவிட ஆழமாகப் போவது ஒன்று உண்டு. அதைக் கண்டுகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

ஒரு பையன். 15 வயது. வேறு ஒருவன் திருடிக் கொண்டுவந்த பைக்கை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கி ஓட்டினான். அவ்வளவுதான் அவன் பங்கு. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். சங்கத்தில் மரியாதை உள்ள ஆள், தெருவில் ஒரு சண்டை என்றால் விலக்கிவிட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பையனைப் பிடித்த தகவல் கேட்டு ஸ்டேஷனுக்குப் போனார். பையன் ஜட்டியோடு சுவர் ஓரம் நிற்கிறான். அப்பாவைத் தரையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். "பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணமாடா இது" என்று அவரைவிட வயதில் சின்ன போலீஸ்காரர் ஒருவர் கேட்டார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, பையனை நீங்களே அடியுங்கள் என்று லத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அடித்தார்.

பையன் என்னிடம் போலீஸ் அடித்ததைச் சொன்னபோது சாதாரணமாகத்தான் சொன்னான். "அடிச்சாய்ங்க மேடம், எல்லாரையும்தான் அடிப்பாய்ங்க" என்றான். அப்பா தரையில் உட்கார்ந்ததைச் சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. குழுமம் அவனுக்கு அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பியது. என் மேற்பார்வையில் ஒரு வருடம் இருந்தான். அந்த ஒரு வருடமும் வீட்டில் அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை. அம்மா நடுவில் நின்று தகவல் சொன்னார். முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே போகாதே என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் நிற்கிறவன், இப்போது போனான். அப்பாவும் சொல்வதை விட்டுவிட்டார். "நான் என்ன சொல்றது மேடம், என்னைத்தான் அவன் பார்த்துட்டானே" என்றார் என்னிடம்.

சமூகவியல் புத்தகம் எதிலும் எனக்கு இந்த வாக்கியம் கிடைத்ததில்லை. பிள்ளையைக் கட்டி நிறுத்தும் ஒரே கயிறு அந்த வீட்டில் அப்பாவின் சொல்தான். ஸ்டேஷன் அதை அறுத்து அனுப்பிவிட்டு, அடுத்த முறை பையன் மாட்டும்போது "வீட்டுல கண்டிக்க ஆள் இல்ல" என்று எழுதுகிறது. அதன் பிறகு எந்தப் பையனிடமும், உன்னை அடித்தார்களா என்று முதலில் கேட்க மாட்டேன். அப்பாவையோ அம்மாவையோ எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேட்பேன். அந்தப் பதிலிலிருந்து அடுத்த ஐந்து வருடத்தை ஓரளவு கணிக்க முடிந்தது.

1985-ல் ஐக்கிய நாடுகள் சபை இளஞ்சிறார் நீதிக்கென்று வகுத்த பெய்ஜிங் விதிகளில் பத்தாவது விதி இந்த முதல் சந்திப்பைப் பற்றியது. அரசையும் சமூகத்தையும் அந்தப் பிள்ளை எப்படிப் பார்க்கப் போகிறது என்பதை இந்தச் சந்திப்பு ஆழமாகப் பாதிக்கக்கூடும் என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஒரு பயிற்சியில் அதைப் படித்தபோது, ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதினார்களோ வேறு எங்கே எழுதினார்களோ, யாரோ ஒருவர் ஒரு ஸ்டேஷன் வராந்தாவில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் 1998-ல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சுமார் 4,300 பிள்ளைகளை லெஸ்லி மெக்காரா, சூசன் மெக்வீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வும் எங்கள் வட்டாரத்தில் பேசப்பட்டது. ஏறக்குறைய ஒரே மாதிரித் தப்பு செய்த பிள்ளைகளுக்குள், அமைப்புக்குள் ஆழமாக இழுத்துக்கொள்ளப்பட்டவர்களால்தான் அதை விட முடியவில்லை. லேசாக விடப்பட்டவர்கள் தாங்களாகவே விட்டு வெளியே வந்தார்கள். ஏற்கெனவே போலீசுக்குத் தெரிந்த முகங்களே திரும்பத் திரும்பப் பிடிபட்டன. எங்கோ குளிர் தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியவில்லை.

தெரிந்த முகம் என்பது நம் ஊரில் எப்படி உருவாகிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை பிடித்த அன்றே, பெயரையும் தெருவையும் சுவரோரம் நிறுத்தி எடுத்த போட்டோவையும் யாராவது ஒருவர் தன் செல்போனில் வைத்துக்கொள்வார். இதற்கு எந்த விதியும் இல்லை, விதிக்கு எதிராகத்தான் இருக்கிறது. சட்டத்தின் 74-ஆம் பிரிவு பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதையே தடுக்கிறது. ஆனால் அந்தப் படம் குற்றப்பிரிவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். அடுத்த மாதம் அதே பகுதியில் செல்போன் பறிப்பு நடந்தால் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் வண்டி போகும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால், தலைவர்கள் வருவதற்கு முன்னால், "சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று ஆள் வரும். சென்னையில் உள்ள என் சகாக்கள் வேறு ஒன்றைச் சொல்வார்கள். அங்கே 18 முடிந்ததும் பையன் மேல் முதலில் விழுவது மாநகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. 1888-ல் போட்ட சட்டம். பொது இடத்தில் ரகளை செய்தான் என்று ஒரு பெட்டி கேஸ், அபராதம் கட்டினால் முடிந்தது. முடிந்தது என்று பையன் நினைப்பான். 2021-ல் இருந்து முக அடையாளம் காணும் செயலியும் ரோந்துப் போலீசின் கையில் இருக்கிறது. வேலை முடிந்து ராத்திரி வீடு திரும்பும் பையனை நிறுத்தி முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பது இப்போது சாதாரணம். பழைய நாளில் ஏட்டையாவின் ஞாபகசக்திக்கு ஒரு எல்லை இருந்தது, அவரும் ஓய்வு பெறுவார்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு விசாரணைக்குப் போயிருந்தேன். பேரனைப் பற்றிப் பேச வந்தவளிடம் பாட்டி தன் மாமனாரைப் பற்றிப் பேசினார். அந்த மாமனார் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது. 1911-ல் திருத்தப்பட்டு நம் மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகை வைக்க வேண்டும் என்பதால் இந்தப் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் ராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வேண்டும். அந்த மாமனார் கல்யாணமான புதிதில்கூட ராத்திரி அங்கேதான் படுத்தாராம். சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் ஒழிந்தது. பாட்டி இதை எல்லாம் வரலாறாகச் சொல்லவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் பேரனை ஏன் கொல்லைப் பக்கம் அனுப்புகிறேன் என்பதற்கு விளக்கமாகச் சொன்னார். குறவர் குடியிருப்புகளிலும் இதே பயிற்சியை நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக்கூடக் கொடுத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கேயாவது நகை களவு போனால் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடித்தான் வருவார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குப் போலீசோடு நடக்கும் முதல் சந்திப்பு பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. என் மேசைக்கு வந்தவர்களில் களவுக்காக வந்தவர்கள் குறைவு. வந்தவர்கள் பெரும்பாலும் காதலித்து ஓடியவர்கள். பெண்ணுக்கு 16, பையனுக்கு 17. பெண்ணின் அப்பா புகார் கொடுத்ததும் 2012-ன் போக்சோ சட்டம் பையன் மேல் பாயும். 18-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. 2019-லும் 2021-லும் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய வழக்குகளைப் பற்றி வருத்தத்தோடு எழுதியது. 2022 டிசம்பரில், இளவயதுக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று மாநிலக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை விட்டார். 1992-ல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கிய மாநிலம் இது. பெண் போலீசிடம் பெண் பிள்ளை மனம் திறந்து பேசுவாள் என்பது எதிர்பார்ப்பு. பேசிய பிள்ளைகளும் உண்டு. ஆனால் "எத்தனை தடவடி?" என்று அம்மா, சித்தி, பெரியப்பா எல்லாரும் நிற்கும் இடத்தில் கேட்கப்பட்ட பிள்ளை, பின்னால் கல்யாணமாகிப் புருஷன் அடித்து மண்டை உடைந்தபோதும் அந்தப் படியை மிதிக்கவில்லை. எனக்குத்தான் போன் செய்தாள், நான் ஓய்வு பெற்ற பிறகு.

அதிகாரிகளிடம் இதைப் பேசும்போது ஒரே பதில்தான் வரும். "பயம் இருந்தாத்தான் மேடம் திருந்துவாய்ங்க." பயம் தங்கிவிடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எதன் மேல் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். பையன் களவுக்குப் பயப்படுவதில்லை, காக்கிக்குப் பயப்படுகிறான். கப்பலூர் பக்கம் ஒரு லாரி இடித்துக் கால் முறிந்த பையன், ஆஸ்பத்திரியில் போலீஸ் வாக்குமூலம் வாங்க வருகிறது என்று தெரிந்ததும் "தானா விழுந்தேன்" என்று சொல்லிவிட்டான். நஷ்டஈடு போயிற்று. தன் செல்போன் பறிபோனவன் புகார் கொடுக்கவில்லை. கண்ணெதிரே நடந்த கொலைக்கு இன்னொருவன் சாட்சி சொல்ல வரவில்லை. இவர்கள் எல்லாரும் பிறகு எந்தத் தப்பும் செய்யாதவர்கள், ஸ்டேஷன் கணக்கில் திருந்தியவர்கள். ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு தங்களுக்கும் உண்டு என்ற நினைப்பே அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வராமல் போய்விட்டது. என் பார்வையில் இதுதான் பெரிய இழப்பு, இதை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

போலீஸ்காரர்களை மட்டும் குறை சொன்னால் நான் பார்த்ததில் பாதியைத்தான் சொன்னதாகும். நகையோ பைக்கோ திரும்பக் கிடைத்தால்தான் புகார் கொடுத்தவர் ஓய்வார். ரெக்கவரி எவ்வளவு என்று மாதக் கூட்டத்தில் கேட்பார்கள். பதில் இல்லாத எஸ்.ஐ. எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவார். பையனிடமிருந்து பொருள் எங்கே என்பதை ராத்திரிக்குள் வாங்கியாக வேண்டும். புகார் கொடுத்த பெரிய மனிதரே ஸ்டேஷனில் வந்து நின்று "நாலு தட்டுத் தட்டுங்க சார்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அவர் ஒரு பள்ளிக்கூடத் தாளாளர்.

இதே சூழ்நிலையில், இதே நெருக்கடியில் வேறு மாதிரி நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள். ஒரு ஏட்டையாவை மறக்க முடியாது. பையனைக் கூட்டி வரத் தன் சொந்த வண்டியில் போவார், ஜீப்பில் போக மாட்டார். தெருமுனையிலேயே சட்டையை மாற்றிக்கொள்வார். வீட்டு வாசலில் சத்தம் போடாமல் உள்ளே போய், அப்பாவிடம் முதலில் பேசுவார். "அண்ணே, பையன் ஒரு சிக்கல்ல மாட்டியிருக்கான். நீங்களும் வாங்க, சேர்ந்து பேசிருவோம்." ஸ்டேஷனில் அப்பாவுக்கு நாற்காலி, பையனுக்கு பெஞ்சு. பையனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பொருள் எங்கே என்று அப்பாவைக் கேட்கச் சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்து வருவார். பெரும்பாலும் திரும்பி வரும்போது பதில் இருக்கும். சக போலீஸ்காரர்கள் அவரை "வாத்தியார்" என்று கேலி செய்வார்கள்.

இதை அவர் கருணையால் செய்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். கேட்டபோது சிரித்தார். "மேடம், நாளைக்கும் இவன் என் பீட்லதான் இருப்பான். என்னையக் கண்டு இவன் ஓடுனா, துரத்துறது நான்தான? எனக்கு முட்டி வலி." அவர் பீட்டிலிருந்து வந்த பையன்களில் ஒருவன் இப்போது டீசல் மெக்கானிக். தன் பட்டறையில் களவு வண்டி ஏதாவது வந்தால் தானே போன் செய்து சொல்லிவிடுவானாம். அந்த ஏட்டையா ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் அவருக்குத்தான் போன் போகிறது, ஸ்டேஷனுக்கு இல்லை.

காவல்துறையே இந்த இடைவெளியை உணர்ந்து சில முயற்சிகள் எடுத்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் குழு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த பிறகு அந்தக் குழுவே நிறுத்தப்பட்டது. குடிசைப் பகுதிகளில் காவல் சிறார் மன்றங்கள் இருக்கின்றன. கேரம் போர்டு, மாலையில் டியூஷன், நல்ல விஷயம். பள்ளி மாணவர்களுக்கான சிற்பி திட்டம் 2022-ல் சென்னையில் தொடங்கியது. எனக்கு இவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் மன்றத்தில் கேரம் ஆடிய பையனை ராத்திரி ரோந்தில் வேறு ஒரு போலீஸ்காரர் காலரைப் பிடித்தால், அவனுக்கு நினைவிருக்கப் போவது எது என்பது எனக்குத் தெரியும்.

எழுத்தில் உள்ள கறையைத் துடைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சிறு வயதில் செய்த குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியும் பறிபோகக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. பெரியவனாகக் கருதி விசாரித்த கொடுங்குற்ற வழக்குகள்தான் விலக்கு. மற்றவற்றின் ஆவணங்களைக் குறித்த காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் சேர இருந்த ரமேஷ் பிஷ்னோய் என்பவரின் வழக்கில், சிறார் பருவத்து வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2019-ல் உச்சநீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. நான் அந்தத் தீர்ப்பின் நகலைப் பையிலேயே வைத்திருப்பேன்.

அப்படியும் பாஸ்போர்ட் விசாரணை என்று வரும்போது வேறு கதை. துபாயில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்த பையன் ஒருவன். கோப்பில் அவன் பெயரே இல்லை, எல்லாம் முறைப்படி அழிந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்ததுமே "நீ அந்த செல்போன் கேசுப் பயதான?" என்றார். புதிதாகக் கல்யாணமாகி வந்த மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. வந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள், பாஸ்போர்ட் வந்தது. நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு வேலையே இருக்கவில்லை. துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் அந்தத் தெருவைவிட்டு மாமனார் ஊரிலேயே தங்கிவிடுகிறான்.

செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்து, ஊழியர்கள் கைதான பிறகு, 2023-ல் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். அரசு இல்லங்களை எப்படிச் சீர்திருத்துவது என்று அவர் அந்த ஆண்டே அறிக்கை கொடுத்தார். தனித் துறையே வேண்டும் என்பது அதில் முக்கியமான பரிந்துரை. அதை வரவேற்கிறேன். ஆனால் இல்லத்துக்குள் போகும் பிள்ளைகளைவிட, ஸ்டேஷன் வாசலோடு திரும்பிவிடும் பிள்ளைகள் பல மடங்கு. குழுமம் வரை வராத, எங்கள் படிவத்தில் இடம்பெறாத அவர்களைப் பற்றி எந்த அறிக்கையும் எழுத முடியாது. "எச்சரித்து அனுப்பப்பட்டான்" என்ற வரிகூடப் பல நேரம் இருக்காது.

குழந்தை நல காவல் அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு இப்போதும் கூப்பிட்டால் போகிறேன். போன முறை ஒரு பெண் எஸ்.ஐ. எழுந்து கேட்டார். "மேடம், எங்க ஸ்டேஷன்ல இருக்கிறதே மூணு நாற்காலி. அப்பாவை எங்க உட்கார வைக்கிறது?" வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். ரைட்டர் அறையில் பேசலாமா, வாசல் வேப்பமரத்தடி சரிவருமா, தலையாரி வீட்டைக் கேட்கலாமா என்று அரை மணி நேரம் போனது. கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். சின்னக் களவுகளுக்கு ஸ்டேஷனுக்கே கூட்டி வராமல் பையனின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுவது. "அவங்க வீட்டுல அவங்கப்பா உட்கார்ந்துதான மேடம் இருப்பாரு. நான்தான் நிக்கணும்." சில மாதம் அப்படியே செய்தார், இரண்டு மூன்று வழக்குகளைப் பற்றிப் போனில் பேசினார். ஒன்றில் பொருளும் கிடைத்தது, நாட்குறிப்புப் பதிவோடு முடிந்தது. அதன் பிறகு அவரைப் போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஸ்டேஷனில் அவர் இடத்துக்கு வந்தவருக்கு இந்தப் பயிற்சி எப்போது என்று கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.